உள்ளூரில் கிடைத்த நார்

எனக்கு வயது எழுபத்தாறு. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் தங்கை விட்டுப்போனவர்கள். யார் பெற்றது, யார் விட்டது என்று வெளியாள் வந்து கேட்டால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒருவரும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். அப்படி வளர்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் பெயருக்கு ஒரு வரி கூடக் கொடுக்காத ஒரு புத்தகம் இந்த வீட்டிலேயே இருக்கிறது.

அது என் கடைசி மருமகள் காலேஜ் படிப்பை முடிக்க எழுதியது. கறுப்பு அட்டை, மேலே பொன் எழுத்து. டிவி வைத்திருக்கும் அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. எல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டினால் வரும். தெலுங்கில் பஸ் போர்டு தெரியும். இங்கிலீஷ் வராது. அதனால் பேத்தியைக் கூப்பிட்டு, நான் கொடுத்த நார் எங்கிருந்து வந்தது என்று உன் அம்மா எழுதியிருக்கிறாளா பார் என்றேன். அவள் விரலை ஓட்டித் தேடி ஒரு வரியைக் காட்டினாள். கத்தாழை நார், உள்ளூரில் கிடைத்தது. அவ்வளவுதான் போட்டிருக்கிறது.

கிடைத்ததாம். ரோட்டில் கிடந்ததா?

மருமகளிடம் கேட்டதற்கு, இந்த மாதிரிப் புத்தகத்தில் அப்படித்தான் எழுத வேண்டும், அத்தை எடுத்துக் கொடுத்தார்கள் என்று எழுதினால் சிரிப்பார்கள் என்றாள். சரி, அவள் புத்தகத்தில் எழுத வேண்டாம். நான் சொல்கிறேன், பேத்தி எழுதிக்கொள்ளட்டும். பேத்தி திருத்தணியில் என் மகள் வீட்டில் தங்கிப் படித்தபோது தமிழ் எழுத்துக் கற்றவள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாள். யாராவது பேசியதை மட்டும் பேசியபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

ஆந்திராவில், திருப்பதிக்குப் பக்கத்தில் வடமாலபேட்டையில் பஸ் இறங்கி உள்ளே போனால் எங்கள் ஊர். எங்களுக்கென்று நிலம் வந்தது என் பிள்ளைகள் ஓரளவு வளர்ந்த பிறகுதான். அதுவரை அடுத்தவர் காட்டில் கூலி. நிலம் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, நாலு பக்கமும் ஆனைக்கத்தாழை நட்டது. கம்பி வேலியை ஆடு வளைத்துக்கொண்டு உள்ளே வரும். கத்தாழையிடம் அது நடக்காது. ஒவ்வொரு மட்டையும் ஆள் கை நீளம், நுனியில் ஊசி. வேலிக்கு வேலியும் ஆயிற்று, நாருக்கு நாரும் ஆயிற்று.

நைலான் கயிறு வந்தபோது எங்கள் தெருவில் முதலில் வாங்கியவள் நான். கிணற்றுக்கு அதுதான் நல்லது, எத்தனை நனைந்தாலும் அழுகாது. மாட்டுக் கழுத்துக்கு மட்டும் நார்க்கயிறு. நைலான் தோலை அறுத்துவிடும். அதற்காக வருஷத்துக்குச் சில கட்டு நார் எடுப்பேன். சந்தைக்குக் கொண்டுபோனால் என் கட்டைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். காரணம் அதன் மினுமினுப்பு.

அந்த மினுமினுப்பு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். மட்டையை நசுக்கினால் வரும் சாறு கையில் பட்டால் அரிப்பு பிடுங்கி எடுக்கும். அதனால் முழங்கை வரை விளக்கெண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்காருவோம். கல்லில் நசுக்கி, கத்தி முதுகால் வழித்து, அலசிக் காயவைத்து, ஆணிப் பலகையில் சீவும்போது திரும்பவும் உள்ளங்கையில் கொஞ்சம் எண்ணெய். பெண்பிள்ளைக்குத் தலை சீவுவது மாதிரி. எண்ணெய் வைக்காமல் யாராவது தலை சீவுவார்களா?

இனி மருமகள். இன்ஜினியரிங் முடித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சித்தூர்க்காரி. வந்தவுடன் பிள்ளைகள், பிறகு சமையல், மாடு, நான். இடையில் நான் உடம்புக்கு முடியாமல் படுத்துக்கொண்டது வேறு. பிள்ளைகள் பெரிதானதும் திருப்பதியில் ஒரு கல்லூரியில் மேல்படிப்புக்கு இடம் வாங்கினாள். என் மகன் ஸ்ரீசிட்டியில் கம்பெனி பஸ் ஓட்டுகிறான், வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. அவனுக்கு இது பிடிக்கவில்லை. ரெண்டு வருஷம் பொறுப்பேன், அதற்குள் முடித்தால் சரி, முடியாவிட்டால் மூன்றாவது வருஷம் என்ற பேச்சே இருக்கக் கூடாது என்றான். எட்டாம் வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்தவன் நீ, உனக்கு நான் பொறுக்கவில்லையா என்று கேட்டேன். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

சித்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் அவளுக்கு வாத்தியார் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டாவது வருஷமே படிப்பை முடித்துக் காட்டினால்தான். இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஆகவே புருஷன் வைத்த கெடு ஒன்று, வேலை வைத்த கெடு ஒன்று. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

கடைசியில் அவள் செய்ய வேண்டியிருந்தது பலகை. மரப்பலகை இல்லை. ரெசின் என்று ஒன்று, தேன் மாதிரி இருக்கும் பிசின். இன்னொரு டப்பாவில் இருப்பதை அதில் ஊற்றிக் கலக்கினால் தானே சூடாகி, இறுகி, கல்லாகிவிடும். அது இறுகுவதற்குள் உள்ளே நாரை அடுக்க வேண்டும், கொஞ்சம் அலுமினியப் பொடியும் கலக்க வேண்டும். பிசின் மட்டும் இருந்தால் சட்டென்று உடைந்துவிடும், நார் இருந்தால் இழுத்துப் பிடிக்கும், பொடி இருந்தால் கெட்டியாகும் என்று சொன்னாள். எவ்வளவு இழுத்தால் அறுந்துபோகிறது, எவ்வளவு வளைத்தால் ஒடிகிறது, தண்ணீரில் போட்டால் எவ்வளவு குடிக்கிறது என்றெல்லாம் பார்த்து எழுத வேண்டுமாம். எனக்குப் புரிந்தது. சுவருக்கு மண் குழைக்கும்போது வைக்கோல் போடுவதில்லையா, அதுதான் என்றேன். ஆமாம் அத்தை, அதேதான் என்றாள். அன்று எனக்கு அவள் மேல் கூடுதலாகப் பிரியம் வந்தது உண்மை.

நாரை வெளியூரில் சொல்லிவைத்து வாங்கப்போவதாக இருந்தாள்.

“வேலி பூரா கத்தாழை வச்சிக்கினு நீ நாரு வாங்கினேன்னு தெரிஞ்சா, தெருவுல நான் எப்பிடிம்மா தலை நிமுந்து நடக்கிறது?” என்றேன்.

இருந்ததிலேயே நல்ல கட்டை எடுத்தேன். மாட்டுக்குக் கட்டுவதற்கே எண்ணெய் வைக்கிறோம், காலேஜுக்குப் போகிற நார் என்று இரண்டு கை அதிகமாகவே வைத்துச் சீவினேன். தூக்கிப் பிடித்தால் பட்டு தோற்கும்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு மேசை போட்டுக்கொண்டு அவள் வேலை செய்தாள். கல்லூரியில் இடம் நெருக்கடி. இரும்புத் தகட்டில் மெழுகு தடவினாள், ரெசின் ஊற்றினாள், நாரை நீளவாக்கில் அடுக்கினாள், திரும்ப ஊற்றினாள், மேலே இன்னொரு தகடு. பாரம் வைக்க அம்மிக்கல்லைக் கேட்டாள், கொடுத்தேன். அன்றைக்குச் சட்னி மிக்ஸியில். மறுநாள் தகட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பலகை வந்தது. என் நார் அதற்குள் வரிவரியாகத் தெரிந்தது. கையில் வைத்தால் கனமே இல்லை. இதை உடைக்க யாரால் முடியும் என்று நினைத்தேன்.

கல்லூரியில் மெஷினில் வைத்து இழுத்திருக்கிறார்கள். சாயங்காலம் வந்தவள் பையைக்கூட மாட்டாமல் சமையலறையில் உட்கார்ந்து, துண்டுகளைத் தரையில் வைத்தாள். எடுத்துப் பார்த்தேன். பிசின் உடைந்திருந்தது, நார் அறுபடவே இல்லை. பூச்சரத்திலிருந்து நூலை உருவினால் வருமே, அப்படி முழுசாக உருவிக்கொண்டு வந்திருந்தது. அது இருந்த இடத்தில் துளை துளையாக ஓட்டை. நார் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவளுடைய சார், பரீட்சைக்குள் நல்ல பலகை கொண்டுவா, இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம்.

அடுத்த வருஷம் என்ற ஒன்று அவளுக்கு இல்லை. அது எனக்கும் தெரியும்.

நார் அறுபடவில்லை பார்த்தாயா, என் நார் மேல் குற்றமில்லை, பொடிதான் கெட்டது என்று சொன்னேன். அந்தப் பொடியை எந்தக் கடையில் வாங்கினாளோ, அதில் என்ன கலந்திருந்தானோ. களி கிண்டும்போது மாவு கட்டி தட்டினால் களி பிளந்துபோவதில்லையா, அப்படித்தான் ஆகியிருக்கும் என்றேன். நாலைந்து நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பால் எடுக்க வந்தவனிடமும் சொன்னேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. சண்டை போட்டால் பதில் சொல்லலாம்.

பேசாமல் அவள் ஒரு வேலை செய்தாள். சின்னதாக இரண்டு பலகை ஊற்றினாள். ஒன்றில் என் நார் மட்டும், பொடி இல்லை. இன்னொன்றில் பொடி மட்டும், நார் இல்லை. இறுகிய பிறகு என்னைக் கூப்பிட்டு, வாசற்படி விளிம்பில் வைத்து என் கண் முன்னால் மிதித்து உடைத்தாள். பொடி போட்டது அப்பளம் மாதிரிப் பட்டென்று ஒடிந்தது. ஒடிந்த இடத்தைக் கையால் தேய்த்துப் பார்த்தேன், ஒரு துளி பொடி உதிரவில்லை. நார் போட்டது ஒடிந்ததும் நார் பழையபடி உருவிக்கொண்டு வந்தது.

“பொடி வுடல அத்தே. நாருதான் வுட்டுது,” என்றாள்.

“அதுல ரெசின் நல்லதில்லையோ இன்னாவோ.”

“ரெண்டுலயும் ஒரே டப்பா ரெசின்தான்.”

நான் மாட்டைப் பார்க்கப் போனேன்.

மறுநாள் காஸ்டிக் சோடா வாங்கிவந்தாள். தண்ணீரில் கரைத்து நாரை அதில் ஊறவைத்து அலசினால் மேலே இருக்கிற அழுக்கெல்லாம் போய்விடும், பிசின் பிடிக்கும் என்று அவளுடைய பாடத்தில் இருக்கிறதாம். என் நாரில் அழுக்கா? வண்ணானுக்குப் போடுகிற துணியா அது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கையில் உறை மாட்டி, பிளாஸ்டிக் வாளியில் சோடாத் தண்ணீர் கலந்து, கட்டை உள்ளே அமுக்கினாள். ஊறியதும் குச்சியால் கலக்கினாள். வாளியில் நுரை எழும்பியது. அவள் கலக்கக் கலக்க விளிம்பு வரை வெள்ளையாக ஏறியது, துணி துவைக்கிற வாளி மாதிரி.

“சோப்பே போடல அத்தே. நுரை எங்கேர்ந்து வருது?”

நான் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோடாவும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் கூலிக்குப் போன ஒரு வீட்டில் அப்படித்தான் சோப்புக் காய்ச்சுவார்கள்.

“எண்ணெ வச்சீங்களா?”

“எண்ணெ வைக்காம நாரு எடுப்பாளா ஒருத்தி?”

அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபித்திருப்பேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்:

“எண்ணெக் கையோட குடத்தைத் தூக்குவீங்களா அத்தே?”

“வழுக்காது?”

“பிசினுக்கும் அதே கதைதான்.”

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பிசின் பிடித்துக்கொள்ள நாரில் ஒரு முரடு வேண்டும். மினுமினுவென்று வழவழப்பாக இருந்தால் அதற்குக் கை வைக்க இடமில்லை. நார் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பிசினுக்கும் அதற்கும் நடுவில் எண்ணெய் நின்றால், இழுக்கிற பாரம் நாருக்குப் போய்ச் சேருவதே இல்லை. நார் தன் பலத்தைக் காட்டவே வழியில்லாமல் வெளியே வந்துவிடுகிறது. கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நாரின் பலம் அப்படியேதான் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

அந்தக் கட்டை முழுக்க எண்ணெய் ஊறியிருக்கிறது, நம்ப முடியாது, புது நார்தான் வேண்டும் என்றாள். நாள் கொஞ்சமே இருந்தது. விடிந்ததும் நான் வேலிக்குப் போய் மட்டை அறுத்தேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கையால் தொடவில்லை. வெறுங்கையோடு உட்கார்ந்து நசுக்கி வழித்தேன். உச்சி நேரத்துக்குள் இரண்டு முழங்கையும் தடித்துச் சிவந்துவிட்டது. கல்லூரியிலிருந்து வந்தவள் என் கையைப் பார்த்துத் திட்டினாள், மருமகள் மாமியாரைத் திட்டலாமா என்றுகூடப் பார்க்காமல். மறுநாள் ரேணிகுண்டாவில் ரெசின் வாங்குகிற கடையிலேயே முழங்கை வரை வரும் ரப்பர் உறை வாங்கிவந்தாள். நான் இதையெல்லாம் மாட்டமாட்டேன் என்றேன். அரிப்பு மாட்டவைத்தது. எதிர் வீட்டுக்காரி வேலியோரம் நின்று, “இன்னா ஆயா, மாட்டுக்குப் பிரசவம் பாக்கப்போறியா?” என்றாள். உன் மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறேன், யாரும் கையில் சிக்குவதில்லை, அதற்குத்தான் உறை என்றேன். உள்ளே போய்விட்டாள்.

சோடாவில் ஊறி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, காய்ந்து வந்த நாரைப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. மங்கல் நிறம். தொட்டால் சொரசொரவென்று பழைய துடைப்பம் மாதிரி. இதைச் சந்தைக்குக் கொண்டுபோனால் யாரும் தொடமாட்டார்கள். அவள் விரலிடுக்கில் வைத்து உருவிப் பார்த்துவிட்டு, இதுதான் அத்தை, இதுதான் என்றாள். அந்தத் தடவை மூன்று விதமாக ஊற்றினாள். பொடி இல்லாமல் ஒன்று, கொஞ்சம் பொடி போட்டு ஒன்று, நிறையப் போட்டு ஒன்று. அம்மிக்கல் திரும்பப் போயிற்று.

மெஷினில் இழுக்கும் அன்று நானும் வருகிறேன் என்றேன். என் நாரை இழுக்கிறவன் யார் என்று நான் பார்க்க வேண்டாமா? நல்ல புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சார் வயதில் என் மூத்த மகனைவிடச் சின்னவர். தெலுங்கில் உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார், கண்ணுக்கு ஒரு கண்ணாடியும் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டபோது பையன்கள் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மெஷின் ஆளைவிட உயரம். மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய். பலகைத் துண்டை இரண்டும் கவ்விக்கொள்கின்றன, மேல்வாய் கண்ணுக்கே தெரியாதபடி மெல்ல ஏறுகிறது. பக்கத்தில் கம்ப்யூட்டரில் ஒரு கோடு கூடவே ஏறுகிறது. போன தடவை கோடு கொஞ்சம் ஏறியதும் படுத்துவிட்டதாம். மருமகள் அந்தக் கோட்டைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பார்த்தேன். கோடு ஏறியது. போன தடவை எங்கே படுத்தது என்று சார் விரலால் காட்டியிருந்தார், அதைத் தாண்டிப் போயிற்று. எங்கோ உள்ளே முள் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. அப்போதும் ஏறியது.

“ஏம்மா, இங்க திரும்பிப் பாரு. ஏறிக்கினே போவுது,” என்றேன்.

அவள் திரும்பிய நேரத்தில்தான் அது படாரென்று அறுந்தது. சார் துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஓட்டை எதுவும் இல்லை. உடைந்த இடத்தில் நார் குட்டை குட்டையாக அறுந்து பிசினோடு ஒட்டிக்கொண்டு நின்றது. உருவிக்கொண்டு ஓடவில்லை, நின்ற இடத்திலேயே அறுந்திருக்கிறது. அதைவிட ஒரு நாரிடம் என்ன கேட்பது?

“பாகா வச்சிந்தி அம்மா,” என்றார் சார், அவளிடம் இல்லை, என்னிடம். நன்றாக வந்திருக்கிறது என்று.

மற்றவற்றையும் இழுத்தார்கள். கொஞ்சம் பொடி போட்டதுதான் எல்லாவற்றையும்விட அதிகம் தாங்கியது. நிறையப் போட்டது, மேலே குண்டு வைத்து அமுக்கிப் பார்த்தால் தழும்பு விழாத அளவுக்குக் கெட்டி, ஆனால் இழுத்தால் சீக்கிரம் போய்விட்டது. உடையாத துண்டுகளை என் கையில் வைத்துப் பார்க்கக் கொடுத்தார்கள். பொடி போட்டது உள்ளங்கையில் வைத்ததும் பாத்திரம் மாதிரிக் குளிர்ந்தது, போடாதது மரம் மாதிரிச் சும்மா இருந்தது. தண்ணீரில் போட்டால் வெட்டிய ஓரத்தின் வழியாக நார் தண்ணீர் குடித்து ஊதும், அதனால் ஓரத்தை மூடிவைக்க வேண்டும் என்று மருமகள் சொன்னாள். செடியாக இருந்தபோது குடித்த பழக்கம், எங்கே போகும்.

திரும்பும்போது பஸ் நிலையத்தில் எனக்கு ஒரு கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்துவிட்டு, புருஷனுக்குப் போன் செய்தாள். முடிந்தது என்று மட்டும் சொன்னாள். போனை நான் வாங்கி, மீதியை நான் சொன்னேன்.

இப்போது அவள் சித்தூரில் வாத்தியாரம்மா. காலையில் பஸ் பிடிக்கிறாள், சாயங்காலம் வந்து பையன்கள் அடிக்கிற கூத்தைச் சொல்கிறாள். என் மகன் ஸ்ரீசிட்டியில் கூட வேலை செய்கிறவர்களிடம் என் பெண்டாட்டி என்று ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை என்று கேள்வி. கல்லூரியில் இன்னும் நார் கேட்கிறார்கள். கொட்டகையில் இரண்டு ஆணி அடித்திருக்கிறேன். ஒன்றில் மாட்டுக்கு எடுத்த நார், எண்ணெய் வைத்து மினுமினுவென்று. மற்றதில் கல்லூரிக்கு எடுத்தது, உறை போட்டு எடுத்த சொரசொர நார். யாரும் மாற்றிவிடக் கூடாது என்று அந்த உறையையே அடையாளத்துக்கு அதன் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். அறுந்த துண்டு ஒன்று என் சுருக்குப்பையில் இருக்கிறது. வெற்றிலைக்குக் கை விடும்போதெல்லாம் விரலில் படும், அறுந்த நார் குத்தும். அது குத்தினால் எனக்குப் பிடித்திருக்கிறது.

போதும். பேனாவை மூடாதே, முதலில் எழுதியதைப் படித்துக் காட்டு. வாளியில் நுரை வரும் இடத்தை மெல்லப் படி, உன் அம்மா உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறாள், திரும்பச் சிரிக்க ஆரம்பித்தால் தோசை கருகிவிடும். கோடு ஏறுகிற இடத்தை மட்டும் எதிர் வீடு வரை கேட்கிற மாதிரி படி.